பாம்பைக் கண்டால் ஒரு நாய் எதிர்க்கிறது, இன்னொன்று ஒளிகிறது: காரணம் என்ன?

கேள்வி – தோப்புவாசி, ஆனைமலை

எங்கள் வீடு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. கோம்பை நாய் ஒன்றையும் லேப்ரடார் ஒன்றையும் குட்டியிலிருந்து வளர்க்கிறோம். அண்மையில் மட்டைக் குவியலுக்குள்ளிருந்து நல்ல பாம்பு ஒன்று வெளிப்பட்டபோது, கோம்பை பிடரி மயிர் சிலிர்க்க, முன்னங்கால்களை ஊன்றி, அதைச் சுற்றிச் சுற்றி வந்து குரைத்தது. லேப்ரடாரோ வாலைக் காலிடுக்கில் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தது. பாம்பு பிடிப்பவர் வந்து அதைக் கொண்டுபோன பிறகும் நெடுநேரம் வெளியே வரவில்லை. வீட்டில் உள்ளவர்கள் ஒன்றை வீரன் என்றும் மற்றதைக் கோழை என்றும் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வேறுபாடு இனத்தால் வருவதா, வளர்ப்பால் வருவதா? கோம்பையை இப்படியே விட்டுவிடலாமா?

பதில் – கால்நடை மருத்துவர், திருச்சி

ஐயா, உங்கள் ஐயம் நியாயமானது. இரண்டு நாய்களின் உடலுக்குள்ளும் அன்று நடந்தது ஒன்றேதான். ஆபத்தை உணர்ந்தவுடன் அட்ரினல் சுரப்பி இரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கிறது. இதயத் துடிப்பு ஏறுகிறது, கண்மணி விரிகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் விளக்கிய, எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் தயாராகும் நிலை இதுதான். முதுகு மயிர் சிலிர்ப்பதும் நாய் நினைத்துச் செய்வதன்று. அஞ்சிய நாய்க்கும் சிலிர்க்கும், சினந்த நாய்க்கும் சிலிர்க்கும். ஆகையால் உங்கள் கோம்பையும் அஞ்சியே குரைத்திருக்கலாம்.

எதிர்ப்பதும் ஓடுவதும் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. உடல் விறைத்து, வாய் மூடி, மூச்சை அடக்கியதுபோல் நாய் அசையாமல் நிற்கும். குரைக்கும் நாயை விட இப்படி நிற்கும் நாயிடம்தான் நான் அதிகம் எச்சரிக்கையாக இருப்பேன், ஏனெனில் கடி பெரும்பாலும் இதற்கு அடுத்த நொடியில் வருகிறது. உதட்டை நக்குவது, தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுவது, வெள்ளைவிழி தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உறுமுவது ஆகியவை அதற்கு முந்தைய படிகள். உறுமியதற்காக நாயை அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அச்சத்தை விடுவதில்லை, எச்சரிப்பதை மட்டும் விட்டுவிடுகிறது.

பதில் – நாட்டுநாய் வளர்ப்பவர், தேனி

இனத்துக்கும் பங்கு உண்டு. கோம்பை, காட்டுப்பன்றி வேட்டைக்குப் பழக்கப்பட்ட இனம். விலகி ஓடாமல் விலங்கை மறித்து நிற்கும் நாய்களையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். லேப்ரடாரோ சுட்டு விழுந்த பறவையைச் சேதமின்றி எடுத்து வருவதற்கென வளர்க்கப்பட்டது. ஆனாலும் பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறத்தாழ 12ஆம் வாரம் வரை குட்டி எதையெல்லாம் அச்சமின்றிப் பார்த்துப் பழகுகிறதோ, அது பிற்காலத் துணிவைப் பெருமளவு தீர்மானிக்கிறது. ஒரே ஈற்றுக் குட்டிகளிலேயே குணம் மாறுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பாம்பு விஷயத்தில் மட்டும் இந்தத் துணிவைப் பாராட்டாதீர்கள், "பிடி பிடி" என்று ஏவவும் வேண்டாம். நாய் வழியை அடைத்து நிற்பதால்தான் விலகிப் போகக்கூடிய பாம்பும் படமெடுத்து நிற்கிறது. கூப்பிட்டால் எந்த வேலையையும் விட்டுவிட்டு வரும் பழக்கத்தைத் தீனி கொடுத்து நாள்தோறும் ஊட்டுங்கள். மட்டைக் குவியலை வீட்டிலிருந்து தள்ளி வையுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

பதில் – விலங்கியல் மாணவி, சென்னை

இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனை ஒன்று இதனுடன் நேரடியாகத் தொடர்புடையது. உணவு உண்ணும் நாய்களின் இருபுறமும் ஒரே நேரத்தில் பூனை, நாய், பாம்பு ஆகியவற்றின் கறுப்பு நிழலுருவங்களைக் காட்டினார்கள். பாம்பு, பூனை உருவங்களைக் கண்டபோது அவை பெரும்பாலும் இடப்பக்கமே தலையைத் திருப்பின. இடக்கண் காண்பதை முக்கியமாக மூளையின் வலப்பாதி கையாள்கிறது. அச்சத்தையும் திடீர் ஆபத்தையும் கவனிப்பதில் அப்பாதியே முன்னிற்கிறது. அதே குழுவினர் 2007இல், உரிமையாளரைக் கண்ட நாயின் வால் வலப்பக்கமும், மிடுக்கான அந்நிய நாயைக் கண்டபோது இடப்பக்கமும் மிகுந்து ஆடுவதைக் காட்டியிருந்தார்கள். வால் ஆடுவதாலேயே நாய் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

தோப்புவாசி

மூவருக்கும் நன்றி. ஒருவேளை கடிபட்டுவிட்டால் உடனே என்ன செய்ய வேண்டும், ஐயா?

கால்நடை மருத்துவர், திருச்சி

நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு நெருங்குவதால் கடி பெரும்பாலும் முகத்திலோ முன்னங்காலிலோதான் விழும். கட்டுப் போடவோ, கீறவோ, உறிஞ்சவோ வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கி வண்டியில் ஏற்றி, விஷமுறிவு மருந்து கையிருப்பில் உள்ளதா என்று வழியிலேயே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே மருந்துதான். அது நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கும் வேலை செய்யும். உடல் சிறியது என்பதற்காக அளவைக் குறைப்பதில்லை, ஏனெனில் மருந்து முறிக்க வேண்டியது உள்ளே சென்ற விஷத்தை. கட்டுவிரியன் கடித்த இடத்தில் வீக்கம் அனேகமாக இராது; இரவில் வெளியே சென்று வந்த நாய் தள்ளாடினாலோ, இமை தொங்கினாலோ, குரல் மாறினாலோ, கடிவாயைத் தேடிக்கொண்டிராமல் உடனே புறப்பட்டுவிடுங்கள்.