லாக்ஸ்டன்: வேலி போடாத வயல்களைப் பார்த்தவர்கள் பகிர்ந்தவை

இங்கிலாந்தில் கிராமம் பார்க்கப் போகிறோம் என்றால் நம்மில் பலர் காட்ஸ்வோல்ட்ஸ் பக்கம் போய், கல் வீடுகள் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். நான் சொல்லப்போகும் ஊர் அழகுக்குப் பேர்போனது இல்லை. நாட்டிங்ஹாம்ஷயரில், நியூவார்க்குக்கு வடமேற்கே, ஷெர்வுட் காட்டுக்குக் கிழக்கே இருக்கிறது லாக்ஸ்டன். காலணியை விடாமல் பிடித்துக்கொள்ளும் களிமண், செங்கல் வீடுகள், ஒரு சர்ச், ஒரு பப், அவ்வளவுதான் ஊர். ஆனால் வயல் பக்கம் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வேலி கிடையாது.

இந்த நாட்டில் கொஞ்ச நாள் இருந்தவர்களுக்கு இது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும். எங்கே பார்த்தாலும் புதர்வேலி கட்டம் கட்டமாக நிலத்தைப் பிரித்திருக்கும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றம் சட்டத்துக்கு மேல் சட்டம் போட்டு, ஊரே சேர்ந்து உழுத திறந்த வயல்களைப் பிரித்து வேலி போட வைத்தது. அதில் எத்தனையோ ஏழைகளின் மேய்ச்சல் உரிமையும் போயிற்று. லாக்ஸ்டனில் மட்டும் மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல் என்று மூன்று பெரிய வயல்கள் இன்றும் அப்படியே நடப்பில் இருக்கின்றன. ஒருவருடைய நிலம் ஒரே இடத்தில் இருக்காது. மூன்று வயலிலும் நீள நீளத் துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தத்தில் விதைக்கும் பயிர், மூன்றாவது தரிசு, அடுத்த வருடம் முறை மாறும். அதனால்தான் பண்ணை வீடுகள் வயல் நடுவில் தனித்தனியாக இல்லாமல், தொழுவமும் களஞ்சியமுமாக ஊர்த் தெருவிலேயே வரிசையாக நிற்கின்றன.

நான் போனது நவம்பர் கடைசி வியாழக்கிழமை, ஜூரி நாள் அன்று. ஊர் விவசாயிகளிலேயே 12 பேர் ஜூரி. டிராக்டருக்குப் பின்னால் ட்ரெய்லரில் ஏறி, அந்த வருடம் கோதுமை விதைத்த வயலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். யாராவது பக்கத்துக்காரர் துண்டுக்குள் ஒரு சால் கூடுதலாக ஓட்டியிருக்கிறாரா, பொதுப் பாதையைக் கடித்து உழுதிருக்கிறாரா என்று இறங்கி இறங்கிப் பார்க்கிறார்கள். சந்தேகம் வந்த ஓரிடத்தில் ஒருவர் குனிந்து நின்று ஒற்றைக் கண்ணால் எல்லைக்கோட்டைப் பிடிக்க, இன்னொருவர் மரச்சுத்தியலால் எல்லையைக் குறிக்கும் மர முளையை அடித்து இறக்கினார். ஈரக் களிமண் ஆதலால் நாலைந்து அடியில் உள்ளே போய்விட்டது. அதற்கு முன்னால் நடந்த வாக்குவாதம்தான் நீளம்! அந்தத் துண்டை உழுதவரும் ஜூரியில் ஒருவராக அங்கேயே நின்றுகொண்டிருந்தார், முளையைத் தள்ளி அடித்தபோது மறுபேச்சு பேசவில்லை. எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது.

அடுத்த வாரம் டவ்கோட் இன் என்ற அந்தப் பப்பிலேயே கோர்ட் லீட் கூடும். பழைய காலத்து ஊர் நீதிமன்றம் அது. மீறியவர்களின் பெயரைப் படித்து அபராதம் போடுவார்கள், அடுத்த வருட ஜூரி உறுதிமொழி எடுக்கும். பெரிய தொகை ஒன்றும் இல்லை, ஆனால் அக்கம்பக்கத்தார் எல்லாரும் உட்கார்ந்திருக்கப் பேர் படிக்கப்படுவதை யார் விரும்புவார்கள்? 1977இல் ஒரு சட்டம் வந்து இப்படிப்பட்ட பழைய நீதிமன்றங்களின் அதிகாரத்தை எடுத்துவிட்டபோதும் லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். இது வேடிக்கைக்காக நடத்தும் திருவிழா என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே நிற்பவர்களுக்கு அது சோறு போடும் நிலம்.

--

அண்ணா, நல்ல பதிவு. நான் நியூவார்க் பக்கம் இருக்கிறேன். நீங்கள் நவம்பரில் போயிருக்கிறீர்கள், ஜூன் கடைசியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். உழ முடியாத ஈரப் பள்ளங்களையும் துண்டுகள் முடியும் இடங்களையும் அங்கே புல்லுக்கே விட்டிருக்கிறார்கள், சைக் என்று சொல்வார்கள். எத்தனையோ தலைமுறையாகக் கலப்பை படாத மண் என்பதால் இடுப்பளவு புல்லுக்குள் வகைவகையாகப் பூச்செடிகள். அந்தப் புல்லை அறுத்துக்கொள்ளும் உரிமையை வருடா வருடம் ஏலம் விடுகிறார்கள்.

சர்ச்சுக்குள்ளும் போங்கள். ஷெர்வுட் காட்டைக் காக்கும் பொறுப்பைப் பரம்பரையாக வைத்திருந்த எவரிங்ஹாம் குடும்பத்தின் கல் சிலைகள் படுத்த வாக்கில் இருக்கும். அவற்றோடு ஒரு பெண்ணின் சிலை, அது மட்டும் மரத்தில் செதுக்கியது. எழுநூறு வருடத்துக்குப் பக்கமாக அந்த மரம் தாக்குப்பிடித்திருக்கிறது. முகம் தேய்ந்துபோயிருக்கிறது, ஆனாலும் மரத்தின் ரேகை தெரியும். என் மகள் அந்த இடத்தை விட்டு வரவே மாட்டேன் என்றாள். ஊருக்கு வடக்கே நார்மன் காலத்துக் கோட்டை மேடு இருக்கிறது. கட்டடம் எதுவும் மிச்சமில்லை, மண் மேடும் அகழியும்தான். மேலே ஏறினால் ஊரும் சுற்றுப்புறமும் பரந்து தெரியும். காற்று மட்டும் ஆளைத் தள்ளும்.

--

அக்கா, அந்த மேட்டில் நானும் நின்றிருக்கிறேன். நான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததே ஒரு வரைபடத்தால்தான். 1635இல் மார்க் பியர்ஸ் என்ற நில அளவையாளர், அப்போதைய உரிமையாளர் சர் வில்லியம் கோர்ட்டனுக்காக லாக்ஸ்டனைத் துண்டு துண்டாக அளந்து வரைந்தார். ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டையும் கோடு போட்டுக் காட்டியதோடு விடாமல், உழுகிறவர், அறுவடை செய்கிறவர், வேட்டைக்காரர் என்று குட்டிக் குட்டி மனிதர்களையும் போட்டிருக்கிறார். அதன் நகலைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். துண்டுகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை குறைந்துவிட்டது உண்மைதான், ஆனால் அன்றைய தெருவும் பல வண்டிப்பாதைகளும் இன்றும் போகிற வழியாகவே இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்து நடக்க முடிகிறது!

எனக்குக் கொஞ்சம் கவலையும் உண்டு. 1952இல் இந்த நிலத்தை அரசாங்கத்தின் விவசாய அமைச்சகம் வாங்கியதே இந்த முறை அழியக்கூடாது என்றுதான். 1981இல் அது மன்னர் பேரில் உள்ள சொத்துக்களை நிர்வகிக்கும் கிரவுன் எஸ்டேட்டுக்குப் போயிற்று. அவர்களும் விற்கப்போகிறோம் என்று சொன்னபோது இந்த முறைக்கு என்ன ஆகுமோ என்ற பேச்சு எழுந்தது. கடைசியில் 2020இல் தோர்ஸ்பி எஸ்டேட் வாங்கியது. முன்பு இந்த ஊரை வைத்திருந்த மேன்வர்ஸ் பிரபு வழியினர்தான், ஆகவே சுற்றிப் பழைய கைக்கே வந்திருக்கிறது. சரி, நிலம் யார் பேரில் இருந்தாலும் உழ ஆள் வேண்டுமே. துண்டு துண்டான நிலத்தில் இன்றைய பெரிய இயந்திரங்களை ஓட்டுவது லாபமான வேலை இல்லை. ஜூரிக்கு 12 பேர் வேண்டும் என்றால் ஊரில் அத்தனை விவசாயக் குடும்பம் தொடர்ந்து இருக்க வேண்டும். வரைபடத்தையும் சிலையையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காப்பாற்றலாம், இதை அப்படிக் காப்பாற்ற முடியாது.

போகிறவர்கள் பப்பில் சாப்பிடுங்கள், பக்கத்திலேயே இருக்கும் பார்வையாளர் மையத்தையும் பாருங்கள். மழைக்குப் பிறகு என்றால் முழங்கால் வரை வரும் பூட்ஸ் இல்லாமல் வயலில் இறங்காதீர்கள். அப்புறம், முளைத்திருக்கும் கோதுமை தூரத்திலிருந்து பார்த்தால் வெறும் புல் மாதிரியே இருக்கும், குழந்தைகள் ஓடிவிடுவார்கள். பாதையை விட்டு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.