தலை நோடு மட்டும் ஏன் முதலில் சாகிறது?

தோப்புக்காரர் மகன்: காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் பெங்களூரா மாந்தோப்பில் மண் ஈரம் பார்க்க 16 சென்சார் நோடு நட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் வைஃபை உள்ள இஎஸ்பி32 போர்டும் 2600 எம்ஏஎச் பேட்டரியும். நான்கு நான்காகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தலை நோடு. மற்ற மூன்றின் அளவையும் வாங்கி மோட்டார் ரூமுக்கு அனுப்புவது அதுதான். ஆறாம் நாளே நான்கு தலைகளும் போய்விட்டன. மற்றவை, அனுப்ப ஆளில்லாமலே, மூன்று வாரம் தாண்டின. பேட்டரியை மிச்சம் பிடிக்கத்தானே இப்படிக் குழு பிரிக்கும் கிளஸ்டரிங்?

தருமபுரி ஆய்வு மாணவி: தலையை நிரந்தரமாக வைத்தால் அப்படித்தான். 2000-இல் எம்ஐடியிலிருந்து ஹெயின்செல்மன், சந்திரகாசன், பாலகிருஷ்ணன் மூவரும் கொண்டுவந்த லீச் என்ற கிளஸ்டரிங் முறைக்கு உயிரே சுழற்சிதான். ஒரு முறை தலையாக இருந்த நோடு, மற்றவற்றின் முறை முடியும்வரை தலையாகாது. வழக்கமான முறைகளைவிட 8 மடங்கு வரை மிச்சம் காட்டினார்கள்.

ஓசூர் சால்டரிங்: சிமுலேஷனில் காட்டினார்கள்! அந்தக் கணக்கில் அனுப்பவும் வாங்கவும் பிட்டுக்கு 50 நானோ ஜூல், தூரத்துக்குத் தனி. ஒன்றும் வராதபோது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் செலவு அதில் எங்கே? இஎஸ்பி32 வைஃபையைத் திறந்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாலே 100 மில்லி ஆம்பியர் குடிக்கும். தம்பி, உங்கள் தலை எவ்வளவு நேரம் விழித்திருக்கிறது? தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது?

தோப்புக்காரர் மகன்: 15 நிமிடத்துக்கு 2 நிமிடம் விழிப்பு. தூக்கத்தில் மீட்டர் 4 மில்லி ஆம்பியர் காட்டுகிறது, அண்ணா.

ஓசூர் சால்டரிங்: அப்போ தலைக்குச் சராசரி 17 மில்லி ஆம்பியர். ஆறு நாள் சரியாகத்தான் வருகிறது. சுழற்றினால் ஆளுக்கு 7 சொச்சம். பதினாறும் பதினைந்தாம் நாள் வாக்கில் சேர்ந்தே சாகும். சாவைப் பங்கு போட்டதுதான் மிச்சம். கிளஸ்டரை எடுத்துவிட்டு நேராக அனுப்புங்கள், மாதத்தை நெருங்கும். தூக்கத்தில் 4 என்பதும் அநியாயம். சிப்புக்கு மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். போர்டில் இருக்கும் பவர் எல்இடியும் ரெகுலேட்டரும்தான் குடிக்கின்றன.

தருமபுரி ஆய்வு மாணவி: சார், அந்த 2 நிமிடம் கிளஸ்டரிங்கின் குற்றமா? சிப்பின் உள் கடிகாரம் வெயில் ஏற ஏறத் தடம் மாறும், அதனால் தலை முன்கூட்டியே எழுந்து காத்திருக்கிறது. நேரம் பிசகாத 32 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டு, ஆளுக்கு ஒரு நேரம் ஒதுக்கினால் 1 நொடி விழித்தால் போதும். அப்புறம் கேட்கும் செலவு சராசரி 0.11 மில்லி ஆம்பியர்தான். நீங்கள் திட்டுவது சோம்பேறிக் கிளஸ்டரை.

ஓசூர் சால்டரிங்: அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லா நோடும் மோட்டார் ரூமை எட்டும் தோப்பில் நடுவில் தரகர் எதற்கு?

தோப்புக்காரர் மகன்: பாறைக்குப் பின்னால் இருக்கும் நான்கு எட்டவில்லை. அதனால்தான் குழு பிரித்தேன்.

ஓசூர் சால்டரிங்: அந்த நாலுக்கு மட்டும், குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டும் லோரா ரேடியோ போடுங்கள். அதற்கான 865–867 மெகாஹெர்ட்ஸுக்கு இங்கே உரிமம் வேண்டாம்.

பாலக்கோடு தக்காளி: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், நான் வெறும் விவசாயி. கேட் வால்வைத் திறந்தால் அந்த லைன் முழுக்கத் தண்ணீர் போகிறது. மரத்துக்கு மரம் எண் தெரிந்து நான் என்ன செய்ய? வால்வுக்கு ஒரு எண் போதும்.

தருமபுரி ஆய்வு மாணவி: ஐயா, நான்கு நோடின் அளவையும் தலையிலேயே சேர்த்து ஒன்றாக்கி அனுப்புவதுதான் கிளஸ்டரிங்கின் பாதி லாபம். குழுவை வால்வுப்படி பிரித்திருக்க வேண்டும்!

ஓசூர் சால்டரிங்: அப்படியானால் வால்வுக்கு ஒரே சென்சார் போதுமே.

பாலக்கோடு தக்காளி: போதாது சார். அந்த ஒன்று கல்லை ஒட்டி விழுந்தால் வருஷம் முழுக்க ‘காய்ஞ்சு கிடக்கு’ என்றே சொல்லும்.

தோப்புக்காரர் மகன்: ஒரு போர்டில் மூக்குப் பிளையரால் எல்இடியைப் பிடுங்கினேன். 4 இப்போது 3. நாளை ரெகுலேட்டர். பாறைக்குப் பின்னால் உள்ள நான்கும் ஒரே வால்வில்தான் வருகின்றன, அங்கே கிரிஸ்டலோடு கிளஸ்டர் வைக்கிறேன். மற்ற 12-ம் நேரடி.