ரோடு உயர்ந்து வீடு பள்ளமாயிடுச்சு, சுவரில் 3 அடிக்கு ஓதம்: தரைக்குக் கீழே ஷீட் போட்டு அடைக்கலாமா? (கடலூர் முதுநகர்)

முதுநகர்வாசி:

1991-ல் கட்டிய தரைத்தள வீடு. 9 இன்ச் செங்கல் சுவர், சிமெண்ட் கலவை. அப்போது பேஸ்மட்டம் ரோட்டிலிருந்து 2 அடி உயரம். ரோடு மேல ரோடு போட்டு இப்போ கிழக்குப் பக்கம் ஹால் தரைக்கும் தெருவுக்கும் 2 இன்ச்தான் வித்தியாசம். வடக்கே எல்லைக்கும் சுவருக்கும் நடுவில் 2 அடி சந்து, எங்களுடையது. பக்கத்து மனையில் மண் அடித்தபோது அந்தச் சந்து இடத்தையும் சேர்த்து மூடிவிட்டார்கள். வெளியே மண் மட்டம் எங்கள் தரையைவிட 1 அடி மேலே.

கிழக்குச் சுவர் 22 அடி, வடக்குச் சுவர் 31 அடி. இரண்டிலும் ஐப்பசியில் ஆரம்பித்து மாசி வரை ஓதம், வெள்ளையாக உப்பு, பெயிண்ட் அப்பளம் மாதிரி பொரிந்து விழுகிறது. வடக்கு மூலையில் உள்ள 10க்கு 12 சாமான் அறையில் மர பீரோவின் முதுகெல்லாம் கறுப்புப் பூசணம்.

அமெரிக்க வீடியோக்களில் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய், தரை முழுக்க பிளாஸ்டிக் ஷீட் விரித்து, காற்றுத் துளைகளை அடைத்து மெஷின் வைக்கிறார்கள். நமக்கு அப்படி ஏதாவது சாத்தியமா? காண்ட்ராக்டர் சொல்வது வேறு: 4 அடிக்குப் பூச்சைக் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலவையில் பூசி மேலே டைல்ஸ் ஒட்டலாம் என்கிறார். எது சரி?

---

ரசமட்டம்:

சார், டைல்ஸை முதல்ல நிறுத்துங்க. திரி எண்ணெய் இழுக்கிற மாதிரி செங்கல் தண்ணியை இழுக்குது. இப்போ 3 அடியில அது வெளியே வந்து காயுது. அந்த 3 அடியையும் டைல்ஸால மூடினா காய வழி இல்லாம 5 அடிக்கு ஏறும். ரெண்டு மழைக்காலம் கழிச்சு டைல்ஸுக்கு மேல ஒரு கோடு போட்ட மாதிரி உப்பு பூக்கும்.

அமெரிக்க வீடியோ விஷயம். அங்கே பலகைத் தரை, அதுக்குக் கீழ ஆள் தவழுற அளவுக்கு வெற்றிடம், அடியில வெறும் மண். காத்தோட்டம் இருந்தா காயும்னு முன்னாடி சுத்திலும் துளை விட்டாங்க. கோடைக்கால ஈரக்காத்து உள்ளே போய் குளிர்ந்த மரத்துல வியர்த்து, பூசணம்தான் அதிகமாச்சு. அதனால இப்போ துளையை அடைச்சு, குறைஞ்சது 0.15 மி.மீ. ஷீட்டை மண் மேல விரிச்சு, ஜாயின்ட்ல 6 இன்ச் மேலேறவிட்டு டேப் ஒட்டி, சுவர்லயும் 6 இன்ச் ஏத்துறாங்க. ஈரம் உறிஞ்சுற மெஷினும் வைக்கிறாங்க.

நம்ம வீட்டு பேஸ்மட்டத்துக்குள்ள வெற்றிடமே கிடையாது, கிராவலும் மண்ணும் நிரப்பினது. அதனால ஷீட் தரைக் கான்கிரீட்டுக்கு அடியிலதான் போகணும். தரையை உடைக்காம அது முடியாது. உடைக்கிறதுக்கு முன்னாடி ஈரம் எங்கிருந்து வருதுன்னு பாருங்க. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் துண்டு, நாலு ஓரமும் டேப், தரையில ஒண்ணு, ஒவ்வொரு அறையிலயும் ஒட்டுங்க. ஒரு நாள் முழுக்க விட்டுப் பிரிங்க. அடிப்பக்கம் நனைஞ்சிருந்தா மண்ணோட ஈரம். மேல்பக்கம் நனைஞ்சிருந்தா காத்து வியர்க்குது. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

இன்னொண்ணு. பேஸ்மட்டத்துல பெல்ட் கான்கிரீட், அதாவது ஈரம் மேல ஏறாம தடுக்கச் சுவருக்குக் குறுக்கே ஓடுற கான்கிரீட் பட்டை, போட்டிருக்கா? கிழக்குப் பக்கம் வெளிப்பூச்சை தரைமட்டத்துக்கிட்ட ஒரு அடி கொத்திப் பார்த்தா தெரியும்.

---

வில்லியனூர் கொத்து:

வடக்கும் கிழக்கும் ஒரே வியாதி இல்ல. கிழக்குல தண்ணி கீழேருந்து ஏறுது. வடக்குல பக்கவாட்டுல இருந்து நேரா சுவருக்குள்ள போகுது. வெளியே மண்ணு தரையைவிட ஒரு அடி மேல இருந்தா பெல்ட் இருந்தும் பிரயோஜனமில்ல. முதல் வேலை அந்தச் சந்து.

மே, ஜூன்ல செய்யணும். ஒரே மூச்சுல 31 அடியும் தோண்டாதீங்க. 6, 7 அடியா முடிச்சு முடிச்சு நகருங்க, அஸ்திவாரத்தோட அடிமட்டத்துக்குக் கீழ கடப்பாறை போகவே கூடாது. உங்க தரைமட்டத்துக்கு 9 இன்ச் கீழ வரைக்கும் மண்ணை எடுங்க, 3 இன்ச் கான்கிரீட் போட்டதும் 6 இன்ச் கீழ நிக்கும். பக்கத்து மனை மண் சரியாம இருக்க எல்லையில 6 இன்ச் சாலிட் பிளாக்ல தடுப்பு: 6 இன்ச் மண்ணுக்குள்ள, ஒன்றரை அடி மேல. 4 அடிக்கு ஒரு துளை விடுங்க, இல்லைன்னா மழையில தண்ணி தேங்கித் தடுப்பைத் தள்ளிடும்.

வெளிச்சுவரை வயர் பிரஷ்ஷால தேய்ச்சு, 1:4 கலவையில பூசி, காய்ஞ்சப்புறம் பவுடரும் லிக்விடும் கலக்குற ரெண்டு பார்ட் சிமெண்ட் கோட்டிங் ரெண்டு கோட். ஒண்ணு படுக்கை வாட்டத்துல, அடுத்தது நெட்டுவாட்டத்துல அடிச்சாத்தான் ஊசித்துளை மூடும். சந்துக்கு 3 இன்ச் கான்கிரீட், 1:3:6 (சிமெண்ட், மணல், ஜல்லி). நூத்துக்கு ஒண்ணு வாட்டம், 31 அடிக்குக் கிட்டத்தட்ட 4 இன்ச் இறக்கம். சுவரும் தளமும் சேர்ற மூலையை நேரா விடாம கலவையால உருட்டி விடுங்க.

தண்ணியை எங்கே விடுறதுன்னு கேப்பீங்க. சந்தோட கடைசி முனை ரோட்டைவிட பள்ளமா வரும், தானா ஓடாது. பின்பக்கம் 3 அடி விட்டத்துல மூணு உறை இறக்கி, அடியில கான்கிரீட் போட்டு, அரை ஹெச்.பி. மோட்டாரும் ஃப்ளோட் சுவிட்சும் வைங்க. வெளியேத்துற பைப்புல நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம், இல்லைன்னா தெருவுல தண்ணி நிக்கிற அன்னிக்கு உங்க சந்துக்கே திரும்பி வரும். உறிஞ்சு குழியா விட்டுடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. கார்த்திகையில நம்ம பக்கம் நிலத்தடி நீர் கையெட்டுற ஆழத்துல நிக்கும், குழி எதையும் உறிஞ்சாது.

---

முதுநகர்வாசி:

ரொம்ப நன்றி. ஷீட் ஒட்டிப் பார்த்தேன். சாமான் அறையில் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர். ஹாலில் இரண்டு பக்கமும் காய்ந்தே இருந்தது. ஏசி போடும் படுக்கை அறையில் மட்டும் மேல்பக்கம் ஈரம். கிழக்கே கொத்திப் பார்த்ததில் பெல்ட் இல்லை, செங்கல் அப்படியே மேலே போகிறது. சுவரில் துளை போட்டு, ஊசி மாதிரி ஈரம் தடுக்கும் மருந்து ஏற்றுவதாக ஒருவர் சொல்கிறார், அது வேலை செய்யுமா?

---

ரசமட்டம்:

நீங்க சொன்ன சுவருக்குச் செய்யும். செங்கல், சிமெண்ட் சாந்து, 9 இன்ச். ஆனா சந்து வேலை முடியாம வடக்குல துளை போடாதீங்க. துளை வரிசை வெளி மண்ணுக்கு 6 இன்ச் மேல இருக்கணும். இப்போ போட்டா உள் தரையிலிருந்து ஒன்றரை அடி மேல வரும், அதுக்குக் கீழ சுவர் காலத்துக்கும் நனைஞ்சே இருக்கும்.

முறை: திரவத்தைவிட சிலேன் வகை (தண்ணியை ஒட்டவிடாத ரசாயனம்) க்ரீம் வாங்குங்க, ஒழுகாது. 12 மி.மீ. டிரில் பிட், 12 செ.மீ.க்கு ஒரு துளை, படுக்கை வரிச் சாந்துல, செங்கல்ல இல்ல. 230 மி.மீ. சுவர்ல ஆழம் 190, மீதி 40 விடணும். பிட்ல 190-ல டேப் சுத்திக்குங்க. துளைத் தூசியை ஊதியோ வேக்குவம் போட்டோ எடுத்துட்டு, குழாயைக் கடைசி வரை விட்டு, க்ரீமை அழுத்திக்கிட்டே பின்னால இழுங்க. வாய்ல 1 செ.மீ. விட்டுக் கலவையால அடைங்க.

கணக்கு: 53 அடி கிட்டத்தட்ட 16.2 மீட்டர், 135 துளை. துளைக்கு 21, 22 மில்லி, மொத்தம் 3 லிட்டர் சுமார். 600 மில்லி ட்யூப்னா அஞ்சு, சேதாரத்துக்கு ஒண்ணு கூட. ஆள் மூணு ட்யூப்ல முடிச்சிட்டேன்னா துளை ஆழமில்ல, இல்ல இடைவெளி கூட. துளைக்கும்போது பிட்டைப் பாருங்க. பிசைஞ்ச மாவு மாதிரி ஒட்டிக்கிட்டு வந்தா சுவர் உள்ளே ஈரம். ஒரு துளை மட்டும் 50, 60 மில்லி விழுங்கினா உள்ளே பொந்து. நிறுத்திட்டு, சிமெண்ட் பால் விட்டு அடைச்சு, மறுநாள் பக்கத்துல துளைங்க.

சாமான் அறைத் தரையை உடைக்கணும், வேற வழியில்ல. முடிஞ்ச மட்டத்திலிருந்து 9½ இன்ச் எடுங்க. அடிமண்ணை இடிச்சுக் கெட்டியாக்கி, கரையான் மருந்து அடிச்சு, ஒன்றரை இன்ச் ஜல்லி 4 இன்ச்: 40 கன அடி. தூசு இல்லாத ஜல்லியா இருக்கணும், பொடி கலந்தா அதுவே திரியாகி ஈரத்தை ஏத்தும். மேல ஜியோ துணி (மணல் ஜல்லிக்குள்ள இறங்காம தடுக்கிற துணி), 1 இன்ச் மணல், அப்புறம் ஷீட். அதுக்கு மேல 1:2:4-ல 3 இன்ச் கான்கிரீட்: சிமெண்ட் அஞ்சரை மூட்டை, மணல் 13 கன அடி, ஜல்லி 26. வாட்டர்ப்ரூஃப் லிக்விட் டப்பாவுல போட்ட அளவு, பெரும்பாலும் மூட்டைக்கு 200 மில்லி.

ஷீட் 250 மைக்ரான், கடையில 1000 கேஜ்னு கேளுங்க. இங்கதான் ஏமாத்துவாங்க. ஒரு சதுர மீட்டர் வெட்டித் தராசுல வைங்க, 230 கிராம் இருக்கணும். 150, 160 கிராம்னா கேஜ் கம்மி. வெயில்ல பிடிச்சுப் பாருங்க, ஊசித்துளை தெரிஞ்சா திருப்பிக் கொடுத்துடுங்க. சுத்திலும் 6 இன்ச் சுவர்ல ஏறணும், ஜாயின்ட்ல 1 அடி மேலேறணும், மொத்தம் 3.3 கிலோ வரும். தெருப்பக்கம் துளை வரிசை தரைக்கு 4 இன்ச் மேல வரும், அங்கே மட்டும் ஷீட்டை அந்த வரிசை வரைக்கும் ஏத்தினா ரெண்டும் சேர்ந்துடும். வடக்குல வெளிமட்டம் இறங்கினப்புறம் தரைக்கு ஒட்டின முதல் வரியிலயே துளைக்கலாம். கான்கிரீட் கொட்டும்போது சித்தாள் ஷீட் மேல மண்வெட்டியைப் போட்டு இழுக்காம பாத்துக்குங்க. செஞ்ச வேலையெல்லாம் அந்த ஒரு கிழிசல்ல போயிடும்.

---

கடல்காத்து:

படுக்கை அறைக்கு நான் சொல்றேன். அங்கே தரையை உடைக்க வேண்டியதில்ல. காலையில ஏசியை நிறுத்தின உடனே ஜன்னலைத் திறக்கிறீங்களா? வெளிக்காத்து 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதம்னு வைங்க, 25 டிகிரிக்குக் கீழ குளிர்ந்த எதுவும் வியர்க்கும். ராத்திரி முழுக்க 24-ல ஓடின தரை அதுல சேர்த்திதான். ஏசியை நிறுத்திட்டு ஃபேன் போட்டு ஒன்றரை மணி நேரம் மூடியே விடுங்க, தரை சூடேறினப்புறம் திறங்க. மழை நாள்ல கடல் காத்து வந்தா ரூம் காயும்கிறது நம்ம ஊர் நம்பிக்கை, கையில ஒரு ஈரப்பதமானி இருந்தா அந்த நம்பிக்கை போயிடும். உள்ளே 60 சதத்துக்குள்ள இருந்தா பூசணம் வராது.

பீரோவைச் சுவர்லேருந்து 4 இன்ச் தள்ளி, கால்ல செங்கல் வச்சு நிறுத்துங்க. முதுகு பிளைவுட் பூசணத்துல ஊறியிருந்தா துடைக்காம கழட்டிப் போட்டு புதுசு அடிங்க. கெட்டி மரம்னா சோப்புத் தண்ணியில துடைச்சு வெயில்ல காய வைங்க. என்95 மாஸ்க் போட்டுக்கிட்டு, வாசல் பக்கம் எடுத்துட்டுப் போய் செய்யுங்க.

சுவர்ல பிளீச்சிங் பவுடர் கரைச்சு அடிக்காதீங்க. அதுல கால்சியம் குளோரைடு இருக்கும், அது காத்துலேருந்து தண்ணியை இழுக்கிற உப்பு. பூசணத்தை வெளுக்க வச்சுட்டு ஓதத்துக்கு நிரந்தர சோறு போடுவீங்க. அது பத்தலைன்னு டாய்லெட் ஆசிட்டையும் சேர்த்தா குளோரின் வாயு, மூடின அறையில உயிருக்கே ஆபத்து.

---

சுண்ணாம்புக்காரை:

எல்லாரும் தண்ணீரைப் பேசுகிறீர்கள், உப்பை விட்டுவிட்டீர்கள். மழைக்காலத்தில் அடுப்படி உப்பு டப்பா கசிகிறதே, சுவருக்குள் இருப்பதும் அதுதான். சாப்பாட்டு உப்பு 75 சதத்துக்கு மேலான காற்றில் தானாக நனையும், கடலூர் இரவு அதைத் தாண்டாத நாள் குறைவு. கீழிருந்து தண்ணீரை முற்றிலும் நிறுத்தினாலும் உப்பு நிற்கும்வரை சுவர் ஈரமாகவே தெரியும். ஊசி வேலை தோற்றது என்று சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

பழைய பூச்சை ஓதக் கோட்டுக்கு 1 அடி மேல் வரை கொத்தி, குப்பையை அன்றே வெளியேற்றுங்கள், அதில்தான் உப்பு. செங்கல்லைக் காய்ந்த பிரஷ்ஷால் தேயுங்கள். கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய்விடும். சுவர் இன்ச்சுக்கு ஒரு மாதம் என்று காயும், உங்களுக்கு 9 மாதம். அதுவரை பார்க்கச் சகிக்காவிட்டால் சுண்ணாம்பும் மணலும் 1:3 கலவை அரை இன்ச் பூசுங்கள். அது உப்பைத் தன்னுள் வாங்கி உதிரும், உதிரட்டும். பிறகு அதையும் கொத்திவிட்டு நிரந்தரப் பூச்சு. அதைத் தரையைத் தொடாமல் 2 இன்ச் முன்னாலேயே நிறுத்துங்கள், இடைவெளியை ஸ்கர்ட்டிங் மறைக்கும். ஜிப்சம், சுவர்ப் பட்டி (புட்டி), பிளாஸ்டிக் எமல்ஷன் எதுவும் கீழ் 4 அடியில் வேண்டாம்.

கலவைக்கும் கியூரிங்குக்கும் உங்கள் போர் தண்ணீரைத் தொடாதீர்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுதான் அனுமதிக்கிறது. முதுநகர் உப்புத் தண்ணீரை லேபில் கொடுத்துப் பார்க்காமல் நம்ப முடியாது. லாரித் தண்ணீர் வாங்குங்கள்.

---

முத்திரப்பாளையம்:

இடையில் புகுந்ததற்கு மன்னிக்கவும். புதுச்சேரியில் பழைய முற்றம் வைத்த வீடு, ஒன்றரை அடி கனத்தில் சுண்ணாம்புச் சாந்துச் சுவர். இதே ஊசியைப் போடலாமா?

---

சுண்ணாம்புக்காரை:

வேண்டாம். அந்தச் சுவரின் நடுவே உடைகல்லும் தளர்ந்த சாந்தும் இருக்கும், க்ரீம் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அந்தச் சுவர் மூச்சு விட்டே இத்தனை காலம் நின்றது. யாரோ பிற்பாடு சிமெண்ட் பூசியிருப்பார்கள், கட்டையால் தட்டினால் பொக்கென்று கேட்கும். அதை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு, மேலே சுண்ணாம்பு வெள்ளை. முற்றத்துத் தண்ணீர் போகும் தூம்பு அடைத்திருக்கிறதா என்று முதலில் ஒரு குடம் ஊற்றிப் பாருங்கள்.

---

வில்லியனூர் கொத்து:

முதுநகர் சார், மாசி கடைசியில பூச்சைக் கொத்துங்க, மே, ஜூன்ல சந்து, ஜூலையில துளை, அப்புறம் தரை. ஆகஸ்ட் தாண்டினா இந்த வருஷம் தொடாதீங்க. பாதி தோண்டின சந்துல ஐப்பசி மழை இறங்கினா இப்போ இருக்கிறதைவிட மோசம். மோட்டாருக்கு இன்வெர்ட்டர்லேருந்து ஒரு லைன் இழுத்து வைங்க, புயலன்னிக்கு கரண்ட் முதல்ல போயிடும்.