அப்டேட் செய்தபின் பழைய ஸ்லாட்டுக்கே திரும்பும் போர்டு: யூ-பூட் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பால் கூட்டுறவு சங்கங்களில் எடை மெஷினையும் கொழுப்பு பார்க்கும் அனலைசரையும் இணைக்கும் சின்னக் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறோம். போர்டு பீகிள்போன் பிளாக் என்ற சின்னக் கணினி: 512 எம்பி ராம், 4 ஜிபி இஎம்எம்சி (போர்டிலேயே உள்ள ஃபிளாஷ் சேமிப்பு). கரண்ட் எந்நேரமும் போகும் என்பதால் பில்ட்ரூட் என்ற கருவியில் சொந்தமாக லினக்ஸ் இமேஜ் கட்டி, ரூட் பார்டிஷனை எழுத முடியாத ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டமாக வைத்திருக்கிறோம். பால் பதிவுகள் மட்டும் தனி எக்ஸ்ட்4 பார்டிஷனில். அதே வேலைக்கான யோக்டோவும் பார்த்தோம். ஒரே போர்டுக்கு அது தேவைக்கு அதிகம் என்பது என் கருத்து.

சிக்கல் அப்டேட்டில்தான். ஏ, பி என இரண்டு ஸ்லாட் (ஒன்று ஓடும்போது மற்றதில் புது இமேஜ் எழுதப்படும்), ராக் (RAUC) என்ற மென்பொருள் வழியாக அப்டேட். புது ஸ்லாட் ஒழுங்காக பூட் ஆகி வேலையும் செய்கிறது. ஆனால் 3 முறை ரீபூட் ஆனதும் யூ-பூட் (லினக்ஸை ஏற்றும் பூட்லோடர்) பழைய ஸ்லாட்டுக்குத் தாவிவிடுகிறது. பூட் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் கவுண்டரில் ஒன்றைக் குறைக்கும். இந்த ஸ்லாட் சரி என்று சொல்லும் ராக்கின் 'மார்க்-குட்' கட்டளை கொடுத்தால் அது மறுபடி 3 ஆக வேண்டும். ஆவதில்லை. லினக்ஸிலிருந்து யூ-பூட்டின் என்விரான்மென்ட்டை (இந்தக் கவுண்டர் போன்ற மதிப்புகள் சேமிக்கப்படும் இடம்) படித்தால் சிஆர்சி (பிழை பார்க்கும் எண்) தவறு என்று எச்சரிக்கை வருகிறது. சீரியல் கன்சோலில் யூ-பூட்டுக்குள்ளேயே சேவ் செய்தால் மதிப்பு அப்படியே நிற்கிறது. ஆஃப்செட், அளவு இரண்டும் இருபக்கமும் ஒன்றுதான்.

யூ-பூட்டில் ரிடண்டன்ட் என்விரான்மென்ட் (இரண்டு பிரதி வைப்பது) ஆனில் இருக்கிறது, லினக்ஸில் அதன் இடத்தைச் சொல்லும் கோப்பில் ஒரே வரிதான் உள்ளது. ரிடண்டன்ட் முறையில் மட்டும் சிஆர்சிக்கு அடுத்து வரும் அந்த ஒரு பைட்தான் காரணமா? என்விரான்மென்ட்டை இஎம்எம்சியின் பூட் பார்டிஷனுக்கே மாற்றலாமா? அது லினக்ஸில் ரீட்-ஒன்லியாக வருகிறது. ஒவ்வொரு பூட்டிலும் திறந்து எழுதும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?

இந்தப் பதிவை வைத்துத்தான் மாடு வளர்ப்பவர்களுக்குப் பணம் போகிறது. ஒரு வேளைப் பால் கணக்குகூட தொலையக்கூடாது. கள அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், கான்ஃபிக் கோப்புகளை அனுப்புகிறேன்.