ஆஸ்திரேலியாவில் முதல் ரைஃபிள்: .223 எடுப்பதா, .308 எடுப்பதா?

சுரேன்_கீலாங்

எல்லோருக்கும் வணக்கம். விக்டோரியாவில் ஏ, பி இரண்டு பிரிவுக்கும் லைசன்ஸ் போன வாரம்தான் கைக்கு வந்தது. இனி வாங்குவதற்கான பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு 28 நாள் காத்திருக்க வேண்டும், அதற்குள் எந்தக் காலிபர் (குழல் விட்டம், அங்குலத்தில்) என்று முடிவு செய்யலாம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது.

என் நிலைமை இதுதான். வின்செல்ஸீ பக்கம் நண்பர் ஒருவருக்குப் பண்ணை இருக்கிறது, முயலும் நரியும் தொல்லை, வந்து சுடு என்று எழுத்திலேயே அனுமதி கொடுத்துவிட்டார். அடுத்த வருடம் வேலை செய்யும் இடத்தில் இருக்கும் ஒருவர் மேன்ஸ்ஃபீல்டுக்கு மேலே மலைக்காட்டில் சாம்பார் மான் வேட்டைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறார். துப்பாக்கி, ஸ்கோப் எல்லாம் சேர்த்து 2500 டாலருக்கு மேல் போனால் வீட்டில் பூகம்பம் வரும். ஒரே ரைஃபிளில் எல்லாவற்றையும் முடிக்க முடியுமா? .223 என்கிறார் ஒருவர், .308 என்கிறார் இன்னொருவர், கடைக்காரரோ 6.5 மி.மீ. கிரீட்மோர்தான் இப்போது எல்லோரும் வாங்குவது என்கிறார். அனுபவசாலிகள் சொல்லுங்கள்.

கிப்ஸ்லாந்துக்_கிழவன்

சாம்பார் மான் என்று எழுதியதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன் தம்பி. அது நம்ம மிளா. கடமான் என்றும் சொல்வார்கள், இலங்கையில் மரை. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் ஏற்றிவந்து இங்கே விட்டதன் வம்சம், நமக்கு முன்னாலேயே குடியேறிய கூட்டம். குவீன்ஸ்லாந்தில் சார்ட்டர்ஸ் டவர்ஸுக்கு வடக்கே 1886ல் கொண்டுவந்து விட்ட சிட்டலும் நம்ம புள்ளிமான்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் பாதியைச் சட்டமே முடித்துவைக்கிறது. விக்டோரியாவில் மிளா, செம்மான், ரூசா மூன்றுக்கும் குறைந்தது .270 காலிபர், குண்டின் எடை குறைந்தது 130 கிரெய்ன் (ஏறக்குறைய எட்டரை கிராம்) என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி. ஃபாலோ, சிட்டல், ஹாக் டியர் போன்ற சின்ன மான்களுக்கு .243, 80 கிரெய்ன். .223ஐ எடுத்துக்கொண்டு மலைக்குப் போனால் மானைச் சந்திக்கும் முன்பே அதிகாரியைச் சந்திக்க நேரிடும். கடைக்காரர் சொன்ன 6.5 கிரீட்மோர் நல்ல தோட்டாதான், குறை சொல்லவில்லை, ஆனால் அதன் குண்டு .264 அங்குலம், அந்த .270 கோட்டுக்குக் கீழே நிற்கிறது. கையில் காசை எடுப்பதற்கு முன் விதி இன்னும் அப்படியே இருக்கிறதா என்று, இங்கே வேட்டையைக் கவனிக்கும் கேம் மேனேஜ்மென்ட் அத்தாரிட்டியின் இந்த வருடக் கையேட்டை ஒருமுறை படித்துவிடுங்கள், கடைக்காரர் வாயை நம்பவேண்டாம். மானுக்கு கேம் லைசன்ஸ் (வேட்டை உரிமம்) தனியாக எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நான் 20 வருடமாக .308 வைத்திருக்கிறேன். என்னோடு வருகிறவர்களில் ஒருவர் .30-06, இன்னொருவர் .270, ஒரு பிடிவாதக்காரர் 9.3x62. மிளா நிற்பது அடர்ந்த சரிவில், புதரும் பெரணியும் மண்டிய இடத்தில். நான் சுட்டதில் முக்கால்வாசி 100 மீட்டருக்குள்தான். அங்கே எந்தக் காலிபர் என்பதைவிட, 200 கிலோ தாண்டிய ஆண் மிளா குறுக்கே திரும்பும் வரை விரலை அடக்கி வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி. சுட்ட பிறகும் 50 மீட்டர் ஓடி ஓடைப் பள்ளத்தில் விழும், அதை மேலே சுமந்துவர எந்தக் காலிபரும் உதவாது.

டபோ_மாமா

கிழவன் அண்ணன் சொன்னது மிளாவுக்குச் சரி. ஆனால் தம்பிக்கு முதல் வேலை முயலும் நரியும். முயலுக்கு .308 எடுத்தால் சட்டியில் போட ஒன்றும் மிஞ்சாது, தோலும் காதும்தான் கிடைக்கும். அது மட்டுமா, அதிகாலையில் அந்த வெடிச்சத்தத்துக்கு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லோரும் எழுந்து உட்காருவார்கள், ஒரே மாதத்தில் அனுமதி போய்விடும்.

தம்பி, முதலில் ஒரு .22 வாங்குங்கள். இந்த நாட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் எந்த வீட்டைத் திறந்தாலும் பெட்டகத்தில் ஒரு .22 இருக்கும். 40 கிரெய்ன் குண்டு, உதை என்று ஒன்றும் இல்லை, ஒரு தோட்டாவுக்குச் சில்லறைக் காசு. சைலன்சர் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்குக் கிடையாது, அதனால் சப்சானிக் தோட்டா வாங்குங்கள், ஒலியின் வேகத்துக்குக் கீழே போவதால் சாட்டை சொடுக்கும் அந்தச் சத்தம் வராது. ஒரு முயல் விழுந்தால் பக்கத்து முயல் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயும், நான் கண்ணால் கண்டது. 50, 60 மீட்டருக்குள் தலையில் சுட்டால் போதும், அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

ஒன்று மட்டும் கவனம். சின்னத் தோட்டாதானே என்று அலட்சியம் வேண்டாம். .22 குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் போகும், கல்லிலும் காய்ந்த தரையிலும் தண்ணீரிலும் பட்டுத் தெறிக்கும். பின்னால் மண்மேடு இல்லாமல் சுடக்கூடாது. அப்புறம், பத்துத் தோட்டா தானாகவே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோ .22ஐப் பார்த்து மயங்கவேண்டாம், 1996ல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின் வந்த நாடு தழுவிய துப்பாக்கி ஒப்பந்தத்தில் அது சி பிரிவு, உங்கள் லைசன்ஸில் வராது. ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்தான்.

நரிக்கு .223. நான் விசில் அடித்து நரியைக் கூப்பிட்டு 55 கிரெய்ன் பாலிஸ்டிக் டிப் (பிளாஸ்டிக் முனை வைத்த குண்டு) போடுவேன், 200 மீட்டர் வரை ஸ்கோப்பைத் தொடவே வேண்டாம். உதை அவ்வளவு குறைவு, குண்டு படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்கலாம். எங்கள் அப்பா காலத்து விவசாயிகள் .222 வைத்திருப்பார்கள், ட்ரிபிள் டூ என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள், இன்றைக்கும் அதை விடாதவர்கள் உண்டு. .22-250 இன்னும் வேகம், ஆனால் தோட்டாவும் விலை, குழலும் சீக்கிரம் தேயும். .17 எச்எம்ஆர் பற்றி யாராவது சொல்வார்கள் பாருங்கள், 17 கிரெய்ன் குண்டு, காற்றில்லாத நாளில் ஊசி குத்தினதுபோல அடிக்கும், காற்று வீசினால் பஞ்சுபோலப் போகும்.

ஆயிரம்_யார்_அக்கா

நான் வேட்டைக்காரி இல்லை, பிரிஸ்பேனில் பெல்மான்ட் ரேஞ்சில் காகிதத்தைச் சுடுகிறவள், 2018 காமன்வெல்த் போட்டியில் துப்பாக்கி சுடுதல் நடந்த அதே இடம். எங்கள் ஃபுல்போர் (நீண்ட தூர இலக்குச் சுடுதல்) ஆட்டத்தில் .308 155 கிரெய்ன் குண்டுதான் பல காலமாக ராஜா, .223 80 கிரெய்னும் உண்டு, 300 யார் (கெஜம்) முதல் 1000 யார் வரை. அதனால் காலிபர் பெயரை மட்டும் பார்த்துக் குண்டை முடிவு செய்யாதீர்கள் என்று சொல்ல வந்தேன். .223 என்பதிலேயே பழைய துப்பாக்கிகளில், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் இருக்கும் வரியின் முறுக்கு 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, 55 கிரெய்னுக்கு மேல் போனால் குண்டு காகிதத்தில் பக்கவாட்டில் படுத்த அடையாளம் விழும். புதியவற்றில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வருகிறது, 70, 77 கிரெய்ன் எல்லாம் அழகாகப் போகும். பழைய துப்பாக்கி வாங்கினால் முதலில் இதைக் கேளுங்கள்.

தோட்டாவை நீங்களே நிரப்ப ஆரம்பித்தால் ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது. அமெரிக்காக்காரர்கள் வார்கெட் என்று கொண்டாடும் வெடிமருந்து நம் ஊர் முல்வாலாவில், மர்ரே நதிக்கரையில் செய்வது, இங்கே ஏடிஐ ஏஆர்2208 என்ற பெயரில் விற்கிறார்கள். .223க்கும் .308க்கும் இரண்டுக்குமே அது ஒத்துப்போகும். நான் ஒரு டப்பா மருந்தில் இரண்டு துப்பாக்கியையும் ஓட்டுகிறேன்.

சுரேன், கடைக்காரர் சொன்ன 6.5ஐ நான் திட்டமாட்டேன், 1000 யாரில் காற்றுக்கு அது .308ஐவிடக் கம்மியாகத்தான் அசையும். ஆனால் 100 மீட்டர் புதரில் உங்களுக்கு அதனால் என்ன லாபம்?

கோபார்_வெயில்

என் கதையைச் சொல்கிறேன், அவமானம்தான், இருந்தாலும் யாருக்காவது உதவும்.

லைசன்ஸ் வந்ததும் கடையில் ஒருவர், ஆட்டுக்கும் பன்றிக்கும் எல்லாத்துக்கும் ஒன்றே போதும் என்று .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பலமாக உதைக்கும் ரைஃபிளை என் தலையில் கட்டினார். பெட்டி தோட்டா விலையைப் பார்த்து, ரேஞ்சில் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் சுடமாட்டேன். அந்தப் பத்துக்கே தோள்பட்டை கன்றிப்போகும். அப்படியே கோபார் பக்கம் ஆட்டு வேட்டைக்குப் போனேன். 120 மீட்டர், வெள்ளாட்டுக் கிடா, பக்கவாட்டில் அசையாமல் நிற்கிறது, இதைவிடச் சுலபமான சூடு கிடைக்காது. சுட்டேன், வயிற்றில் பட்டது. அதன் பின்னால் செம்மண்ணில் இரண்டு மணி நேரம், சொட்டுச் சொட்டாய் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். கடைசியில் ஒரு காய்ந்த ஓடையில் உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து எழ முயன்றது. அதை முடித்துவிட்டு அன்றைக்கு வேறெதுவும் சுடவில்லை.

திரும்பி வந்ததும் ரேஞ்சில் ஒரு பெரியவர் என் துப்பாக்கியை வாங்கி, எனக்குத் தெரியாமல் வெடிமருந்து இல்லாத ஒரு வெற்றுத் தோட்டாவை உள்ளே போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன். டிக் என்ற சத்தம் மட்டும்தான், ஆனால் குழல் முனை நான்கு விரற்கடை கீழே போய்விட்டது, கண்ணும் மூடியிருந்தது. உதைக்குப் பயந்து, வெடிக்கும் முன்பே நானே துப்பாக்கியை அமுக்குகிறேன். அந்தக் கிடாவுக்கு நடந்தது அதுதான்.

மேக்னத்தை விற்றேன். ஆறு மாதம் .22 மட்டும், வாரம் நூறு தோட்டா. பிறகு .243 வாங்கினேன், இன்றைக்கும் ஆட்டுக்கு அதுதான், 100 கிரெய்ன் குண்டு. பன்றிக்கு மட்டும் .308, தோள் எலும்பு வழியாகப் போக வேண்டியிருப்பதால்.

கிப்ஸ்லாந்துக்_கிழவன்

வெயில் தம்பி, இதை வெளியே சொல்ல மனசு வேண்டும். அந்த வெற்றுத் தோட்டா வைத்தியத்தை எங்கள் குழுவில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் செய்வோம், 20 வருடக்காரன் நானும் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.

மேக்னம், .375 எல்லாம் நார்தர்ன் டெரிட்டரிக்கு எருமை வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. வீட்டில் ஒன்று வைத்திருந்தால் பேச்சுக்கு அழகு, அவ்வளவுதான்.

சுரேன்_கீலாங்

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஒரே ரைஃபிள் என்ற ஆசையை விட்டுவிட்டேன். முதல் பெர்மிட் .22 போல்ட் ஆக்‌ஷனுக்கு, அடுத்த குளிர்காலத்துக்குள் .308. நரிக்கு இப்போதைக்கு .308லேயே சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன், டபோ மாமா திட்டாதீர்கள். நண்பரிடம் சொன்னேன், இந்த நாட்டில் முயல் தொல்லை ஆரம்பித்ததே எங்கள் ஊரில்தான், 1859ல் தாமஸ் ஆஸ்டின் பார்வன் பார்க்கில் விட்டது, அதனால் உனக்கு வேலை தீரவே தீராது என்கிறார்.

இன்னொரு கேள்வி. பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் பழைய லீ என்ஃபீல்ட் .303 ஒன்றை விற்கிறார், லித்கோவில் செய்தது. .308க்குப் பதில் அதை எடுத்தால் என்ன?

டபோ_மாமா

திட்டுவேன். நரித்தோல் பார்த்திருக்கிறீர்களா, .308 பட்டது? சரி, காசு சேரும்போது .223 வாங்குங்கள்.

.303 விஷயம்: மனசுக்குப் பிடித்தால் வாங்குங்கள், இரண்டு போரிலும் இந்த நாட்டுக்காரன் தோளில் இருந்தது, போருக்குப் பிறகு அதையே அறுத்து .303/25 என்று சின்னக் குண்டுக்கு மாற்றி கங்காரு சுட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் அதன் குண்டு .311 பக்கம், .308 குண்டு சேராது, கடையில் தோட்டா வகையும் கம்மி. ஸ்கோப் மாட்டுவது தனித் தலைவலி. வாங்கும் முன் ஒரு கன்ஸ்மித்திடம் காட்டி, போல்ட்டில் உள்ள எண்ணும் பாடியில் உள்ள எண்ணும் ஒன்றுதானா, ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்காரும் இடத்துக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி) சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் பி பிரிவுதான், தனிப் பெர்மிட் வேண்டும், பெரியவரிடம் காசைக் கொடுத்துவிட்டு டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள், டீலர் வழியாக எழுதி வாங்குங்கள்.

ஆயிரம்_யார்_அக்கா

சுரேன், அந்தப் பெரியவர் பழைய ராணுவத் தோட்டாவும் சேர்த்துக் கொடுத்தால், சுட்ட அன்றே குழலில் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடுங்கள். தோட்டாவைப் பற்றவைக்கும் பழைய ப்ரைமரில் உப்பு இருக்கும், ஒரு வாரம் விட்டால் உள்ளே துரு பிடித்துவிடும். எங்கள் கிளப்பில் ஒருவர் அப்படியே பெட்டகத்தில் வைத்து ஒரு நல்ல குழலை இழந்தார்.