பால்வீதி பார்க்க நியூசிலாந்தா, மெர்சிங்கா?

செந்தூல்வாசி:
ஜூலையில் குடும்பத்தோடு நியூசிலாந்தின் டெக்காப்போ ஏரிக்குப் போகிறோம். இரண்டு வருடச் சேமிப்பு. 2012 முதல் அந்த மெக்கென்சி வட்டாரம் இருள்வானக் காப்பகம். 4,300 சதுர கிலோமீட்டருக்கு மேல். தெருவிளக்குக்குக்கூட மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழே இறக்குகிறார்கள். என் மனைவியோ, "நம் மலேசியக் கிழக்குக் கரை மெர்சிங்கில் தெரியாத எந்த நட்சத்திரம் அங்கே தெரியப் போகிறது?" என்கிறாள். என்ன பதில் சொல்ல?

கிள்ளான் கிழவன்:
வீட்டில் சொல்வதைக் கேளுங்கள் தம்பி. பால்வீதியின் நடுப்பகுதி தனுசு ராசிப் பக்கம் இருக்கிறது. ஜூலையில் அது கோலாலம்பூர் வானத்திலேயே ஏறத்தாழ 58 பாகை உயரத்துக்கு ஏறுகிறது. லண்டன்காரனுக்கு அது அடிவானத்தை ஒட்டி ஊர்ந்துவிட்டுப் போய்விடும். மே மாத முன்னிரவில் வெளியே வந்து நில்லுங்கள்: வடக்கே சப்தரிஷி, தெற்கே திரிசங்கு, இரண்டும் ஒரே நேரத்தில். டெக்காப்போவில் சப்தரிஷியைத் தேடிப் பாருங்கள், தெரியும் சேதி.

வானம்பாடி:
உயரம் சரி ஐயா, ஈரத்தை என்ன செய்வீர்கள்? மெர்சிங்குக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை மாலை ஏழு மணிக்கு மூடிய மேகம் விடியும்வரை அசையவில்லை. இரண்டாம் முறை வானம் திறந்தது. கடலில் கணவாய்ப் படகுகள் வரிசையாக நின்று பச்சை விளக்கைப் போட்டுவிட்டன. என் கைரேகையை அந்த வெளிச்சத்தில் எண்ணலாம். கேமரன் மலைக்குப் போகச் சொல்வீர்கள். அங்கே சாமந்திப் பூ சீக்கிரம் மொட்டு விடாமலிருக்க, கூடாரங்களில் இரவு விளக்கு எரிகிறது. நம் நாட்டில் காற்றிலுள்ள ஈரமே வெளிச்சத்தைப் பரப்பி வானத்தை வெளுக்க வைக்கிறது. டெக்காப்போவில் 1980களிலிருந்தே வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு. பக்கத்து மலைமேல் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் ஆய்வகம் இருப்பதே காரணம்.

பாலிக் புலாவ் அக்கா:
இரண்டு பேருக்கும் பயணம்தான் பெரிதாகத் தெரிகிறது. நான் பிறந்த தோட்டத்தில் இரவு பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்துவார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பாய் போட்டால், கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை விண்மீன் என்று எண்ணுவது எங்கள் விளையாட்டு. எனக்கு ஆறு, தம்பி ஏழு என்று சாதிப்பான். பாட்டி நட்சத்திரம் சாய்ந்திருப்பதைப் பார்த்தே பெரட்டுக்கு (வேலைக்கு முன் காலையில் ஆள் கணக்கெடுப்பு) நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவார். டிக்கெட் எடுத்தா பார்த்தோம்?

வானம்பாடி:
அக்கா, அந்த லயம் இன்று இருக்கிறதா?

பாலிக் புலாவ் அக்கா:
இல்லை. அடுக்குமாடி வந்துவிட்டது. அதற்காக மாடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்கிறீர்களா? சனிக்கோளின் வளையத்துக்கு இருட்டே தேவையில்லை, சிறிய தொலைநோக்கி போதும். சாதாரண இருகண் நோக்கியைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலாக்கள் தெரியும். பிள்ளைகளுக்கு முதலில் அதைக் காட்டுங்கள்.

வானம்பாடி:
கோள் வேறு, பால்வீதி வேறு. மங்கலாகப் பரந்து கிடப்பதற்கு இருட்டுதான் வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

கிள்ளான் கிழவன்:
இருட்டுக்குக் கண்ணும் பழக வேண்டுமே! அரை மணி நேரம் கைப்பேசியைத் தொடாமல் இருக்க எத்தனை பேரால் முடிகிறது? நியூசிலாந்து போயும் படம் எடுத்துக்கொண்டே நின்றால் ஐந்து வினாடிக்கு ஒரு முறை குருடுதான். அது கிடக்கட்டும். தம்பி, எந்தத் தேதியில் போகிறீர்கள்? அன்று நிலா எப்படி?

செந்தூல்வாசி:
இப்போதுதான் வீட்டு நாள்காட்டியைப் புரட்டினேன். மலிவாகக் கிடைக்கிறது என்று எடுத்த டிக்கெட். போய் இறங்குவது பௌர்ணமிக்கு முதல் நாள், மூன்று இரவு தங்கல். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. தேதி மாற்ற எவ்வளவு கேட்பார்கள், யாருக்காவது தெரியுமா?