அடைமுட்டைத் தடுப்பூசி: ஒரு சொல் முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

குஞ்சு பொரிப்பதற்கு முன்பே முட்டைக்குள் செலுத்தும் தடுப்பு மருந்தைத் நம் துண்டறிக்கையில் தமிழில் எப்படிச் சொல்வது என்று குடியாத்தத்து நண்பர் கேட்டிருந்தார். இதுவரை வந்த மூன்று சொற்களுக்கும் என்னால் கை தூக்க முடியவில்லை.

'முட்டைத் தடுப்பூசி' சுருக்கமானதுதான். ஆனால் கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கான மருந்தைக் கருவுள்ள முட்டையில் வைரஸை வளர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். இராணிப்பேட்டையில் 1932 முதல் கால்நடைத் தடுப்பு மருந்து நிலையம் இருக்கும் நம் பக்கத்தில் இந்தக் குழப்பம் வரக்கூடாது. முட்டையில் விளைந்த மருந்து வேறு, முட்டைக்குள் போகும் மருந்து வேறு. 'கருமுட்டைத் தடுப்பூசி' இன்னும் சிக்கல். வேலூரில் கருத்தரிப்பு மருத்துவமனைப் பலகையைப் படித்தவர்கள் வேறு பொருள் கொள்வார்கள். 'பொரிப்புமுன் தடுப்பூசி' வாயில் நுழையவில்லை.

பெயர் வைக்கும் முன் வேலையைப் பார்ப்போம். கோழிமுட்டை பொரிக்க 21 நாள். 18ஆம் நாள் வாக்கில், பொரிப்பறைக்கு மாற்றும்போது, ஒளியில் காட்டிக் கூமுட்டைகளை ஒதுக்குகிறார்கள். மற்றவற்றின் மழுங்கிய முனையில் இயந்திரம் சிறு துளையிடுகிறது. ஊசி காற்றறையைக் கடந்து, கருவைச் சூழ்ந்த பனிக்குட நீருக்குள் இறங்கி மருந்தை விடுகிறது. குஞ்சு வெளிவருமுன் அந்த நீரை விழுங்கிவிடும். சில நேரம் ஊசி குஞ்சின் உடலிலேயே இறங்கும்; அதுவும் பலன் தரும்.

ஏன் இவ்வளவு அவசரம்? இந்த ஊசி பெரும்பாலும் மாரெக் என்ற கோழி நோயைத் தடுப்பதற்கு. அந்நோய்க் கிருமி கோழியின் இறகுத் துகளோடு பறந்து கொட்டகையில் நீண்ட நாள் உயிரோடு கிடக்கும். குஞ்சு நுழைந்த முதல் நாளே தொற்றிக்கொள்ளும். பின்னாளில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக இழுத்துக்கொண்டு விழும் கோழியை நம்மில் சிலர் பார்த்திருப்போம். பொரித்த அன்று கழுத்துத் தோலுக்கடியில் ஊசி போடுவதைவிட, இதில் எதிர்ப்பாற்றலுக்குச் சில நாள் முன்கூட்டியே கிடைக்கிறது. அமெரிக்காவில் 1992 முதல் வணிகப் பொரிப்பகங்களில் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஆகவே என் முன்மொழிவு: அடைமுட்டைத் தடுப்பூசி. அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் அடைமுட்டை எதுவென்று தெரியும். அது தின்பதற்கல்ல, குஞ்சுக்கென்று வைத்தது. நாம் சொல்ல வேண்டியதும் அதுதான். இயந்திரத்தில் வைத்ததை அடை என்னலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். அடைகாப்பான் என்று அந்த இயந்திரத்துக்கே பெயர் வைத்துவிட்டோமே! சத்துநீரை இதே வழியில் செலுத்துவதையும் 'அடைமுட்டை ஊட்டம்' என்று சொல்லிவிடலாம்.

துண்டறிக்கையில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். இது பெரிய பொரிப்பகங்களுக்கானது. வீட்டுக் கோழி வளர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, முதல் வாரத்தில் குஞ்சின் கண்ணிலும் மூக்கிலும் விடும் வெள்ளைக்கழிச்சல் சொட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வினைச்சொல்லாக 'செலுத்து' வேண்டாம், 'போடு' போதும் என்பது என் எண்ணம்: "18ஆம் நாள் அடைமுட்டைக்கு ஊசி போட்டார்கள்." மறுப்பிருந்தால் இந்த வாக்கியத்தையே வேறு சொல்லால் எழுதி அனுப்புங்கள், பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்வோம்.